இரும்புக்கு ஒரு நானோ நொடி: ஒளியைப் பிடித்து வைக்கும் அணைவுகளை வடிவமைப்பது

வேதியியல் ஆய்வகத்தில் தரம்பார்த்தல் செய்த யாருக்கும் ஃபெரோயினை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூன்று பினாந்த்ரோலின்கள் ஓர் இரும்பு அயனியைச் சூழ்ந்த அந்தச் சிவப்பு நிறங்காட்டி 510 நானோமீட்டரில் ஒளியை வெளுத்து வாங்குகிறது. மோலார் உறிஞ்சுதிறன் 11,000 அளவில் இருக்கும். சூரிய ஒளி வேதியியலின் செல்லப்பிள்ளையான ட்ரிஸ்பைபிரிடின் ருத்தேனியத்துக்கு 452 நானோமீட்டரில் அது 14,600. உறிஞ்சுவதில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. நிறம் உண்டு, நிலைப்புத்தன்மை உண்டு, பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் நூற்றுக்கு ஐந்து பங்கு இரும்பு என்பதால் கிடைப்பதற்கும் பஞ்சமில்லை. பிறகு ஏன் ஒளிவினைகளுக்கு எல்லோரும் ருத்தேனியத்தையும் இரிடியத்தையும் தேடி ஓடுகிறார்கள்?

உறிஞ்சிய ஆற்றலை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதில்தான் சிக்கல். காற்று நீக்கிய அசிட்டோனைட்ரைலில் ருத்தேனிய அணைவின் (உலோக அயனியும் அதைச் சூழ்ந்து பிணைந்த மூலக்கூறுகளும் சேர்ந்த தொகுதியின்) கிளர்நிலை, அதாவது ஒளியை உறிஞ்சியபின் அது இருக்கும் நிலை, ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி நீடிக்கிறது. இரும்பின் ட்ரிஸ்பைபிரிடின் அணைவில் பயன்படக்கூடிய கிளர்நிலை 100 ஃபெம்டோ நொடி அளவிலேயே சரிந்துவிடுகிறது. (மைக்ரோ, நானோ, பிகோ, ஃபெம்டோ: இந்த வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இடைவெளி ஒரு கோடி மடங்கு. இந்த இடைவெளியை எப்படிக் குறைப்பது, குறைத்ததை எப்படி அளப்பது, அளந்ததை நம்பலாமா என்பதுதான் இங்கே விஷயம்.

ஓட்டை எங்கே இருக்கிறது

வலுவான எண்முகிப் புலத்தில் இரும்பு(2+) அயனியின் ஆறு டி-எலக்ட்ரான்களும் கீழே உள்ள மூன்று ஆர்பிட்டால்களில் ஜோடியாக அமர்ந்திருக்கும். இவற்றை டி2ஜி என்போம். மேலே உள்ள இரண்டு இஜி ஆர்பிட்டால்கள் ஈனிகளை, அதாவது உலோகத்தோடு பிணைந்த மூலக்கூறுகளை, நேராகப் பார்த்து நிற்பவை. எதிர்ப்பிணைப்புத் தன்மை கொண்டவை, காலியாக இருப்பவை. ஒளி பட்டதும் டி2ஜியிலிருந்து ஓர் எலக்ட்ரான் பைபிரிடினின் பை-ஸ்டார் ஆர்பிட்டாலுக்குத் தாவுகிறது. இதுதான் உலோகத்திலிருந்து ஈனிக்கு மின்சுமை மாறிய நிலை, சுருக்கமாக எம்.எல்.சி.டி. நமக்கு வேண்டிய நிலையும் இதுவே. ஒரு பக்கம் ஆக்சிஜனேறிய உலோகம், மறுபக்கம் ஒடுக்கமுற்ற ஈனி. இரண்டும் வெளியே வேலை செய்யக் காத்திருக்கும்.

ருத்தேனியத்தின் 4டி ஆர்பிட்டால்கள் விரிந்தவை. ஈனிகளோடு நன்றாக மேற்பொருந்துவதால் இஜி மட்டம் உயரே போய்விடும். இரும்பின் 3டி ஆர்பிட்டால்கள் குறுகியவை. அவற்றுக்கு ஆர வழியில் கணு இல்லை. மேற்பொருந்துதல் குறைவதால் புலப்பிளவும் சிறியது. ஆகவே எலக்ட்ரான் இஜியில் உட்காரும் உலோக மைய நிலைகள், அதாவது எம்.சி. நிலைகள், எம்.எல்.சி.டி.க்குக் கீழே கிடக்கின்றன. மும்மை ஸ்பின் (இணையாத எலக்ட்ரான் இரண்டு) கொண்ட எம்.சி. நிலை வழியாகவோ நேராகவோ, கால் பிகோ நொடிக்குள் எல்லாம் ஐம்மை ஸ்பின் (இணையாத எலக்ட்ரான் நான்கு) நிலைக்கு வடிந்துவிடும். அங்கே இரும்பு–நைட்ரஜன் பிணைப்பு சுமார் 1.97 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 2.17க்கு நீண்டிருக்கும். தண்ணீரில் அந்த நிலை 650 பிகோ நொடி வரை நிற்கும் என்றாலும் பயனில்லை. மின்சுமைப் பிரிவு போய்விட்டது, மிஞ்சிய ஆற்றலும் சொற்பம்.

பானையில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் பானையைப் பெரிதாக்கிப் பயனில்லை. ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும்வரை ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டையை மேலே ஏற்றலாம், அல்லது நீர்மட்டத்தைத் தாழ்த்தலாம். முதல் வழி இஜியை உயர்த்துவது. இரண்டாவது வழி எம்.எல்.சி.டி.யின் ஆற்றலைக் குறைப்பது. இரண்டாவது எளிது. ஆனால் அதற்கு விலை உண்டு: ஆற்றல் குறைந்த கிளர்நிலை ஆயுளோடு இருந்தாலும் எதையும் ஒடுக்கவோ ஆக்சிஜனேற்றவோ வலுவில்லாமல் போகும். வெறும் ஆயுள் எண்ணைத் துரத்துபவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

முதலில் கணக்கு: எவ்வளவு ஆயுள் போதும்?

வடிவமைப்புக்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். கரைசலில் கிளர்ந்த அணைவு தன் வினைத்துணையைத் தேடிப் போய் முட்ட வேண்டும். அசிட்டோனைட்ரைலில் அறைவெப்பத்தில் விரவலின் உச்ச வேகம் ஒரு மோலாருக்கு நொடிக்கு ஏறக்குறைய 1,900 கோடி. வினைத்துணை முட்டிக் கிளர்நிலையை அடக்குவதைத் தணிப்பு என்போம், அந்தத் துணை தணிப்பி. தணிப்பு வேகமாறிலியை அடக்கமாக ஆயிரம் கோடி என்று வைப்போம். அந்த மாறிலியையும் ஆயுளையும் தணிப்பியின் செறிவையும் பெருக்கினால் ஓர் எண் வரும். அதை, அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிய தொகையால் வகுத்தால் பிடிபடும் பங்கு கிடைக்கும்.

ஆயுள் 10 பிகோ நொடி, தணிப்பி 0.1 மோலார் என்றால் பிடிபடுவது நூற்றுக்கு ஒன்று. ஆயுள் 2 நானோ நொடி என்றால் அதே 0.1 மோலாரில் நூற்றுக்கு 67, 0.01 மோலாரில் 17. மைக்ரோ நொடி ஆயுள் உள்ள ருத்தேனியத்துக்கு 0.01 மோலாரே 99 பங்கைப் பிடித்துத் தரும். ஆக, கரைசல் வினைகளுக்கு நானோ நொடிதான் வாசற்படி. அதைத் தாண்டிவிட்டால் மீதியைச் செறிவை வைத்துச் சமாளிக்கலாம். மைக்ரோ நொடி இல்லையே என்று கைவிட வேண்டியதில்லை.

டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒட்டவைத்த சாயத்துக்குக் கணக்கே வேறு. வினைத்துணை ஏற்கனவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, எலக்ட்ரான் பாய்வது பிகோ நொடிக் கணக்கில் நடக்கும். சில பத்து பிகோ நொடி ஆயுள்கூடப் போதும் என்பதற்கு 2015இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு காட்டிய கார்பீன் அணைவே சான்று: எலக்ட்ரான் செலுத்தும் திறன் 92 விழுக்காடு. பாய்ந்த எலக்ட்ரான் திரும்பி வந்து சேர்ந்துவிடாமல் தடுப்பது அடுத்த தலைவலி. ஆயுளை நீட்டினால் அது தீராது.

ஓட்டையை மேலே ஏற்றும் ஈனிகள்

இஜியை உயர்த்த வலுவான சிக்மா-ஈட்டல், அதாவது ஈனி தன் எலக்ட்ரான் ஜோடியை உலோகத்தை நோக்கி நேராகத் தருவது, வேண்டும். இதில் நைட்ரஜன் வளையக் கார்பீன்களை (இரண்டு பிணைப்புகளும் ஓர் எலக்ட்ரான் ஜோடியும் கொண்ட கார்பன் வழியாகப் பிணைபவற்றை) மிஞ்ச ஆளில்லை. பிரிடினின் இரு ஓரங்களிலும் மெத்தில்இமிடசோல் கார்பீன் வைத்த, மூன்று பற்கள் கொண்ட (உலோகத்தை மூன்று இடங்களில் பிடிக்கும்) ஈனி இரண்டை இரும்பு(2+) மேல் ஏற்றியபோது, 2013இல் அதே லுண்ட் குழு 9 பிகோ நொடி எம்.எல்.சி.டி. ஆயுளை அளந்தது. ஃபெம்டோ நொடியிலிருந்து பிகோ நொடிக்கு வந்த முதல் பெரிய தாவல் அது.

அதே ஆய்வில் இருந்த இன்னோர் அணைவை இந்தத் துறைக்கு வருபவர்கள் உற்றுப் பார்க்க வேண்டும். எலும்புக்கூடு ஒன்றே. மெத்திலுக்குப் பதில் மூவிணைய பியூட்டைல் குழு, அவ்வளவுதான். ஆயுள் 0.3 பிகோ நொடியாக விழுந்தது. பருத்த குழுக்கள் ஒன்றையொன்று நெருக்கி, கார்பீன்களை இரும்பிலிருந்து விலக்கிவிட்டன. பிணைப்பு நீண்டது, புலம் தளர்ந்தது, ஓட்டை மீண்டும் கீழே வந்தது. ஈனியில் கார்பீன் எத்தனை என்று எண்ணுவது மட்டும் வடிவமைப்பு ஆகாது. அந்தக் கார்பீன் உலோகத்தைக் கிட்ட நெருங்க முடிகிறதா, எந்தக் கோணத்தில் நெருங்குகிறது என்பதும் சேர்ந்ததே.

கோணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஐந்து அணு வளையமாகக் கவ்வும் ஈனிகளால் 90 பாகையைத் தொட முடியாது. மூன்று பற்கள் கொண்டவற்றில் எதிரெதிர் முனைகள் 180க்குப் பதில் 160 பாகைக்கு அருகில் நின்றுவிடும். மேற்பொருந்துதல் சாய்ந்து, இஜி தாழ்கிறது. ஆறு அணு வளையம் வரும்படி இடையே ஓர் அணுவைச் செருகினால் கோணம் நிமிரும். ஈனிகளை வரையும்போது கார்பீனைச் சேர்ப்பதற்கு முன்பே இதைச் சரிபார்ப்பது நல்லது, செலவில்லாத ஆதாயம்.

நீர்மட்டத்தைத் தாழ்த்தும் வேலையை ஏற்பிப் பகுதி செய்யும். மேற்சொன்ன ஈனியின் பிரிடினில் கார்பாக்சிலிக் அமிலக் குழு சேர்த்தால் பை-ஸ்டார் மட்டம் இறங்கி, ஆயுள் 16 முதல் 18 பிகோ நொடி வரை போகும். ஆனால் எல்லாப் பற்களையும் எலக்ட்ரானைத் தரும் வலுவான ஈட்டிகளாக மாற்றிவிட்டால் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஈனியில் இடமே இருக்காது. ஈட்டலும் ஏற்றலும் ஒரே ஈனியில் சேர வேண்டும். இரண்டு டிரையசோலிலிடீன்களை இணைத்த மீசோஅயனிக் கார்பீன் மூன்று ஏறிய இரும்பு(2+) அணைவு 2018இல் 528 பிகோ நொடியை எட்டியதற்கு இந்தச் சமநிலைதான் காரணம்.

எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு. டெர்பிரிடினின் 6, 6'' இடங்களில் குளோரின் அல்லது புரோமின் வைத்து, புலத்தை வேண்டுமென்றே தளர்த்தி, தரைநிலையையே (ஒளி படுவதற்கு முன் உள்ள நிலையையே) உயர்சுழற்சி நிலையாக்கிவிடுவது, அதாவது இணையாத எலக்ட்ரான்களைக் கூட்டிவிடுவது. எம்.சி. நிலைக்கு வடிய வேண்டிய அவசியம் மாறிப்போவதால் மின்சுமை மாறிய நிலை 14 முதல் 17 பிகோ நொடி வரை நிற்கிறது. புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் தளர்ந்த பிணைப்புகள் ஈனியைக் கழற்றிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், உலோகத்தோடு பிணையக்கூடிய கரைப்பான்களில் நீண்ட நேரம் ஒளியூட்டும் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கணினியில் முன்கூட்டிப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடர்த்திச் சார்பியக் கணக்கீட்டில் பிரபலமான பி3எல்ஒய்பி என்ற சார்பியம் 20 விழுக்காடு துல்லியப் பரிமாற்றத்தைக் கலக்கிறது. உயர்சுழற்சி நிலைகளை அது அளவுக்கு மீறித் தாழ்த்திக் காட்டும். 15 விழுக்காடு கலக்கும் பி3எல்ஒய்பி-ஸ்டார் அல்லது 10 விழுக்காடு கலக்கும் டிபிஎஸ்எஸ்எச் கொண்டு மறுபடி ஓட்டிப் பார்க்காமல், எம்.சி. மேலேயா கீழேயா என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே சார்பியத்தில் ஒரே குடும்பத்து ஈனிகளை ஒப்பிட்டால் வரிசை பெரும்பாலும் சரியாக வரும்; தனி எண்ணை நம்பினால் கவிழ்த்துவிடும். தரைநிலை வடிவில் மட்டும் ஆற்றலைக் கணக்கிடுவதும் போதாது. எம்.சி. நிலையின் குறைந்தபட்சம் நீண்ட பிணைப்பில் கிடக்கிறது. ஆகவே பிணைப்பை 0.02 ஆங்ஸ்ட்ராம் படிகளில் நீட்டி, இரண்டு வளைவுகளும் எங்கே வெட்டுகின்றன என்று பார்க்க வேண்டும்.

இரும்பு(3+): திசையை மாற்றினால்

இந்தக் கதையின் திருப்பம் ஆக்சிஜனேற்ற நிலையில் இருந்து வந்தது. தாழ்சுழற்சி இரும்பு(3+) அயனியின் டி2ஜியில் ஐந்து எலக்ட்ரான்கள், ஒரு காலியிடம். ஈனியிலிருந்து ஓர் எலக்ட்ரான் அந்தக் காலியிடத்துக்கு வந்தால் அது எல்.எம்.சி.டி. நிலை. இஜியைத் தொடவே இல்லை என்பதால் பிணைப்பு அதிகம் நீளாது. தரைநிலையும் கிளர்நிலையும் இரட்டை ஸ்பின் என்பதால் ஒளியுமிழ்வுக்கு ஸ்பின் தடையும் கிடையாது.

2017இல் டிரையசோலிலிடீன் அணைவின் இரும்பு(3+) வடிவம் 100 பிகோ நொடி ஆயுளோடு அறைவெப்பத்தில் ஒளிர்ந்தது. 2019இல் ஃபீனைல்-டிரிஸ்(3-மெத்தில்இமிடசோலிலிடீன்)போரேட் ஈனி இரண்டு கொண்ட அணைவு வந்தது. இனி இதைப் போரேட் அணைவு என்கிறேன். 502 நானோமீட்டரில் உறிஞ்சி, 655இல் உமிழ்கிறது. ஆயுள் 2 நானோ நொடி, உமிழ்வுத் திறன் 2 விழுக்காடு. ஆறு கார்பீன்கள், எதிர்மின்சுமை கொண்ட போரான் முடிச்சு, ஆறு அணு வளையங்கள், கிட்டத்தட்ட நேர்த்தியான எண்முகி. மேலே சொன்ன பாடங்கள் எல்லாம் ஒரே மூலக்கூறில்.

உமிழ்வுத் திறனை ஆயுளால் வகுத்துப் பாருங்கள்: கதிர்வீச்சு வேகம் நொடிக்கு ஒரு கோடி. ருத்தேனியத்துக்கு இதே கணக்கு ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் வரும். ஸ்பின் தடையில்லாததன் அடையாளம் இது. இன்னொரு விதத்தில் பார்த்தால் உச்சவரம்பும் இதுவே: கதிர்வீச்சில்லா இழப்பு முழுவதையும் நிறுத்தினாலும் இந்த அணைவின் ஆயுள் 100 நானோ நொடியைத் தாண்டாது.

ஆற்றல் பக்கமும் ஏமாற்றவில்லை. கிளர்நிலை ஆற்றல் 2.13 எலக்ட்ரான் வோல்ட். ஃபெரோசீனை அடிப்படையாக வைத்தால் இரும்பு 3/2 மின்னழுத்தம் –1.16 வோல்ட், 4/3 மின்னழுத்தம் +0.25 வோல்ட். கூட்டிக் கழித்தால் கிளர்ந்த அணைவு +0.97 வோல்ட் வலுவுள்ள ஆக்சிஜனேற்றி, –1.88 வோல்ட் வலுவுள்ள ஒடுக்கி. இரு திசையிலும் வேலை வாங்கலாம். குறை எங்கே என்றால் உறிஞ்சுதிறனில்: 502இல் 3,000 அளவுதான். ஒரு சென்டிமீட்டர் பாதையில் ஒளியில் நூற்றுக்குத் 90 பங்கைப் பிடிக்க 0.33 மில்லிமோலார் வேண்டும்; ருத்தேனியத்துக்கு 0.07 போதும்.

செய்யும்போது எது கெடும்

போரேட் ஈனியின் உப்பில் கார்பீனாக மாற வேண்டிய கார்பன்–ஹைட்ரஜன் மூன்று. ஓர் இரும்புக்கு ஈனி இரண்டு, ஆகக் காரம் ஆறு சமானம். சிறிய அளவில் 0.10 மில்லிமோல் இரும்பு புரோமைடு என்றால் 21.6 மில்லிகிராம், ஈனி உப்பு 0.20 மில்லிமோல், பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடு 0.62 மில்லிமோல், அதாவது 69.6 மில்லிகிராம். மந்த வாயுப் பெட்டிக்குள், உலர்ந்த டெட்ராஹைட்ரோஃபியூரானில், உப்பைக் கலக்கி வைத்துக் குளிரில் காரத்தைச் சேர்த்து, கரைசல் தெளிந்ததும் இரும்பு புரோமைடைச் சேர்க்க வேண்டும். முதலில் உருவாவது இரும்பு(2+). –1.16 வோல்ட்டில் நிற்கும் இந்த அணைவு காற்றைக் கண்டதும் இரும்பு(3+) ஆகிவிடும். தனி ஆக்சிஜனேற்றி தேவையில்லை.

பெரும்பாலும் தோற்பது கரைப்பானில். 20 மில்லிலிட்டர் டெட்ராஹைட்ரோஃபியூரானில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு தண்ணீர் இருந்தால் அது கிட்டத்தட்ட 9 மில்லிகிராம், 0.5 மில்லிமோல். நாம் போட்ட காரம் 0.62. நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீரே தின்றுவிடும்! 20 பங்குக்குக் கீழே உலர்த்தினால் இழப்பு மூன்று நான்கு விழுக்காட்டில் நிற்கும். சிறு அளவில் செய்யும்போது தோற்பதும் பெரிய அளவில் ஜெயிப்பதும் இதனால்தான். வினைக்குப் பின் அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் 9 பிபிஎம்மைத் தாண்டி ஒரு கூர்மையான சிகரம் மிச்சமிருந்தால், கார்பீனாகாத இமிடசோலியம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

காரம் குறைந்தால் ஆபத்து என்று இரட்டிப்பாகக் கொட்டவும் கூடாது. மிகைக் காரம் ஈனியின் மற்ற இடங்களைத் தாக்கும், ஆல்காக்சைடு ஏறிய இரும்புக் கலவையும் வரும். 5 விழுக்காட்டுக்கு மேல் மிகை தேவைப்படுகிறது என்றால் கரைப்பானையோ காரத்தின் தரத்தையோ சந்தேகப்படுங்கள். கார்பாக்சிலிக் அமிலம் உள்ள ஈனி என்றால் அந்த அமில ஹைட்ரஜனுக்கும் ஒரு சமானம் ஒதுக்க வேண்டும். பிரிடின் நடுவே உள்ள இருகார்பீன் ஈனியில் இரண்டு ஈனிக்கு நான்கு என்று கணக்கிட்டு, அமிலத்துக்கான இரண்டை மறப்பது வழக்கமான பிழை. அந்தக் குடும்பத்தில் மெத்தில் போன்ற சிறு குழு இருந்தால் தனிக் கார்பீனைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம். இரும்பு கூடவே இருக்கும்போது உருவாக்கிப் பிடிப்பதே நல்லது.

எதிரயனியை ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டுக்கு முழுமையாக மாற்றுங்கள். குளோரைடு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அசிட்டோனைட்ரைல் கரைசலுக்குள் டைஎத்தில் ஈதர் ஆவியை மெல்ல விரவவிட்டுப் படிகமாக்குவது, நிரல் பிரிப்பு ஒன்றை விடச் சுத்தமான பொருளைத் தரும்.

அளந்ததை நம்பலாமா

ஆயுளை அளக்க முதல் கருவி நிலையற்ற உறிஞ்சல் நிறமாலை: லேசரால் கிளர்வூட்டி, அடுத்தடுத்த கணங்களில் உறிஞ்சல் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. இதில் தரைநிலை உறிஞ்சல் எப்போது மீள்கிறது என்பதை மட்டும் பார்த்து ஆயுள் என்று எழுதிவிடுவது பெரிய தவறு. பழைய பைபிரிடின் அணைவே அப்படிப் பார்த்தால் 650 பிகோ நொடி காட்டும், அது எம்.சி. நிலையின் ஆயுள். மின்சுமை மாறிய நிலைக்குச் சொந்தக் கையெழுத்து வேண்டும். பைபிரிடின் என்றால் ஒடுக்கமுற்ற ஈனியின் உறிஞ்சல் 370 நானோமீட்டர் பக்கம் தெரியும். புதிய ஈனி என்றால் மின்வேதிக் கலத்தில் அணைவைத் தனியே ஆக்சிஜனேற்றியும் தனியே ஒடுக்கியும் நிறமாலை எடுத்து, இரண்டு வேறுபாட்டு நிறமாலைகளையும் கூட்டி, அந்தக் கூட்டு வடிவம் லேசர் தரவில் எத்தனை நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அது மறைந்த பின்னும் தரைநிலை மீளாமல் இருந்தால், இடையில் எம்.சி. உட்கார்ந்திருக்கிறது.

மாதிரியின் உறிஞ்சல் 0.3 முதல் 0.5க்குள், மெல்லிய கலத்தில் வையுங்கள். லேசர் ஆற்றலைப் பாதியாக்கினால் சமிக்ஞையும் பாதியாக வேண்டும், ஆயுள் மாறக் கூடாது. மாறினால் ஒரு மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களை வாங்குகிறது. கரைப்பானை மட்டும் வைத்தும் ஒரு முறை எடுத்து வையுங்கள்; பூஜ்ஜிய நேரத்தைச் சுற்றி வரும் முதல் 200 ஃபெம்டோ நொடி குப்பையை ஆயுள் என்று பொருத்திவிடாமல் இருக்க அது உதவும்.

உமிழ்வுதான் இன்னும் வழுக்கலான நிலம். பத்தாயிரத்தில் மூன்று என்ற திறனுள்ள உமிழ்வை, ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்த ஒளிரும் அசுத்தம் எளிதாக விழுங்கிவிடும். கார்பீன் ஈனிகளும் அவற்றின் சிதைவுப் பொருள்களும் நீலத்தில் நன்றாக ஒளிர்பவை. 2023இல் ஓர் இரும்பு(3+) அணைவுக்கு 0.2 நானோ நொடி எல்.எம்.சி.டி., 4.6 நானோ நொடி எம்.எல்.சி.டி. என்று இரட்டை உமிழ்வு அறிவிக்கப்பட்டது. வேறொரு குழு அதே குடும்பத்தை மறுபடி ஆராய்ந்து, நீலப் பக்க உமிழ்வை அணைவின் கணக்கில் சேர்க்க மறுத்தது. கிளர்வூட்டு நிறமாலையும் உறிஞ்சல் நிறமாலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத வரை எந்த உமிழ்வையும் அணைவின் பெயரில் எழுத வேண்டாம்.

கரைப்பானின் ராமன் சிதறலும் ஏமாற்றும். அசிட்டோனைட்ரைலின் கார்பன்–ஹைட்ரஜன் அதிர்வு 2,940 அலையெண் அளவில் இருப்பதால், 500 நானோமீட்டரில் கிளர்வூட்டினால் 586 அருகே ஒரு சிகரம் முளைக்கும். கிளர்வூட்டும் அலைநீளத்தைப் பத்து நானோமீட்டர் நகர்த்துங்கள். சிகரமும் நகர்ந்தால் அது ராமன். நகராமல் நின்றால் உமிழ்வு.

வெப்பநிலையை மாற்றி ஆயுளை அளப்பது அவ்வளவாக யாரும் செய்யாத, ஆனால் அடுத்த ஈனியை வரைய மிகவும் உதவும் சோதனை. குளிர்விக்கும்போது ஆயுள் சட்டென்று ஏறினால், எம்.சி. நிலைக்கு ஏற ஒரு தடுப்பு இருக்கிறது. இஜியை இன்னும் உயர்த்தினால் பலன் உண்டு. ஆயுள் அசையவில்லை என்றால் வேறு வழியில் ஒழுகுகிறது. அப்போது இன்னொரு கார்பீனைச் சேர்ப்பதால் ஆவது ஒன்றுமில்லை.

கூண்டும் கட்டுப்பாட்டுச் சோதனைகளும்

இரண்டு நானோ நொடி கிடைத்துவிட்டது, எலக்ட்ரானைத் தரும் அமீன் 0.1 மோலார் சேர்த்தாயிற்று, மூன்றில் இரண்டு பங்கு கிளர்நிலை தணிந்தும்விட்டது. ஆனாலும் விளைபொருள் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஏன்? எலக்ட்ரான் மாறிய உடனே இரு துணைகளும் ஒரே கரைப்பான் கூண்டுக்குள் இருக்கின்றன. ருத்தேனியத்தில் அந்த ஜோடி மும்மை ஸ்பினில் பிறப்பதால், திரும்பிச் சேர ஸ்பின் புரள வேண்டும். அந்த இடைவெளியில் பல ஜோடிகள் பிரிந்து தப்பிவிடும். இரும்பு(3+) அணைவில் ஜோடி பிறப்பதும் இரட்டை ஸ்பின், திரும்ப வேண்டிய தரைநிலையும் இரட்டை ஸ்பின். தடையே இல்லை. பெரும்பாலானவை அங்கேயே திரும்பிச் சேர்ந்துவிடும். இந்தக் குறை ஆயுளில் தெரியாது, தணிப்பு வரைபடத்திலும் தெரியாது; தப்பிய ரேடிக்கலை நேரடியாக அளந்தால்தான் தெரியும். கரைப்பானை மாற்றுவது, எலக்ட்ரானை இழந்ததும் தானே உடைந்து மீளமுடியாமல் போகும் ஈட்டியைத் தேர்வது, இவைதான் கைக்கெட்டும் மருந்துகள். ஆயுளை இரண்டிலிருந்து நான்கு நானோ நொடியாக்க ஒரு வருடம் செலவிடுவதைவிட, தப்பும் பங்கை இரட்டிப்பாக்குவது பெரும்பாலும் அதிக விளைச்சல் தரும் என்பது என் கணிப்பு.

ஆக்சிஜன் விஷயத்தில் ஒரு சின்னச் சலுகை உண்டு. காற்றோடிருக்கும் அசிட்டோனைட்ரைலில் ஆக்சிஜன் ஏறக்குறைய 2 மில்லிமோலார். ஆயுள் 2 நானோ நொடி என்றால் அது தணிக்கக்கூடியது நூற்றுக்கு நான்குதான். ஆயுளை அளக்க வாயு நீக்கத் தேவையில்லை. வினைக்கு மட்டும் தேவை, ஏனென்றால் பின்னால் பிறக்கும் ரேடிக்கல்கள் ஆக்சிஜனை விடாது.

கடைசியாகக் குளோரைடு. அணைவு சிதைந்து இரும்பு வெளியே வந்து, கூடவே குளோரைடும் இருந்தால், டெட்ராகுளோரோ இரும்பு(3+) உருவாகும். அதன் உறிஞ்சல் புற ஊதாவின் விளிம்பில் இருக்கிறது. 365 முதல் 400 நானோமீட்டர் விளக்கு பட்டால் குளோரின் ரேடிக்கலை உமிழ்ந்து, ஹைட்ரஜனைப் பறித்து, அழகான விளைச்சல் கொடுக்கும். நானோ நொடி ஆயுளுக்கும் அந்த விளைச்சலுக்கும் சம்பந்தமே இருக்காது. இதைப் பிரித்தறிய நான்கு குப்பிகளை ஒன்றாக ஓட்டுங்கள்: முழு வினைக்கலவை, அணைவுக்குப் பதில் அதே மோல் அளவு இரும்பு குளோரைடு, அணைவோடு பத்துச் சமானம் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் குளோரைடு, விளக்கு இல்லாத ஒன்று. முதல் மூன்றையும் 500 நானோமீட்டர் பச்சை விளக்கில் ஒரு முறை, 390இல் ஒரு முறை. பச்சையில் முதல் குப்பி வேலை செய்து, இரண்டாவது செய்யாவிட்டால் அந்த வினை அணைவுடையது. 390இல் மட்டும் எல்லாம் வேலை செய்து பச்சையில் படுத்துவிட்டால், கிளர்நிலை ஆயுளைப் பற்றி அந்தத் தரவில் எழுத எதுவும் இல்லை. வினை முடிந்ததும் முதல் குப்பியின் உறிஞ்சலை 502இல் மீண்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 10 விழுக்காட்டுக்கு மேல் சரிந்திருந்தால், மேலே சொன்ன நான்கையும் புதிய மாதிரியில் குறைந்த நேரத்துக்கு ஓட்டிப் பார்த்த பிறகே விளைச்சல் எண்ணை எழுதலாம்.